அப்பா நேர்ந்துகொண்ட பட்டினி

அப்பாவின் இருமலுக்குக் காரணம் கரிதான் என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. முப்பது வருடம் ஹார்பரில் நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை பார்த்த மனிதர் இருமாமல் வேறென்ன செய்வார்? ஓய்வு பெற்ற பிறகு அது கூடியது. வறட்டு இருமல். ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி மகள் பிறந்தாள். சளி, இருமல் இருக்கிறவர்களைப் பக்கத்தில் விடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பினாள். நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். அப்பாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். தட்டு, தம்ளர் எல்லாம் தனி. பிள்ளை இருக்கும் அறை வாசலைத் தாண்டி அவர் வரக்கூடாது.

அப்பாவும் அப்படியே நடந்துகொண்டார். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். தொண்டை அரிக்கத் தொடங்கியதும் தெருவுக்குப் போய்விடுவார்.

சளிப் பரிசோதனையில் டிபி இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயும் சுத்தம். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சிரப், இன்ஹேலர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். என் பங்குக்கு, அவர் படுக்கப் போகுமுன் மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்குக் காப்பி. குடித்துப் படுத்தால் இருமல் கூடியது. மிளகு போதவில்லை என்று மறுநாள் இன்னும் நாலு தட்டிப் போட்டேன். காலையில் காப்பி போதும் என்பார், மத்தியானம் பசியில்லை என்பார். வயதாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் கூட்டிப்போனேன். நான் கரியைப் பற்றி ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டு, எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது படுப்பீர்கள் என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒருசந்தி இருக்கேம்மா. பேத்தி பொறந்ததுல இருந்து தெனமும். இருமல் நின்னு புள்ளையத் தூக்கணும்னு மணப்பாட்டுச் சிலுவைக் கோயிலுக்கு நேந்துக்கிட்டேன்."

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்போம். அது நாற்பது நாள். அவர் இரண்டு வருடம் இருந்திருக்கிறார், வெளியே சொன்னால் பலிக்காது என்று என்னிடம்கூடச் சொல்லாமல். பகலெல்லாம் வெறும் வயிற்றில் கடுங்காப்பி. இரவில் புளி தூக்கலான மீன் குழம்போடு வயிறு முட்டச் சோறு. அதன் மேல் என் சுக்குக் காப்பி, உடனே படுக்கை.

வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்குகிறது, நெஞ்செரிச்சல் இல்லாமலும் இப்படி வரும் என்றார் டாக்டரம்மா. இது யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன்.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. மூன்று வேளையும் அளவாகச் சாப்பாடு, இரவில் ஏழு மணிக்குள். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தேன். நேர்ச்சையை முறிக்க மாட்டேன் என்று அப்பா நின்றார். பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போய், உடம்புக்காக விடலாம் என்று அவர் வாயால் சொல்லவைத்தேன். இருமல் உடனே நிற்கவில்லை. மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முழுக்க அப்பா ஒருமுறைகூட இருமவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளை நானே அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தாத்தாவிடம் போ என்றேன். அப்பா குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் இரண்டடி வைத்தாள். பிறகு உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

சொல்லிக்கொடுத்தது நான்தான். அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தாத்தா பக்கம் போனால் இப்படிச் செய்யணும் என்று விளையாட்டுப் போலப் பழக்கியிருந்தேன். அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"விடுளா," என்றார் அப்பா. "நீ சொன்னபடிதான செய்யிது."

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு, பிள்ளைக்குப் பயமில்லாத தூரத்துக்குத் தள்ளிப்போய் நின்றார்.