கெங்கம்மாள் யாரையும் துரத்தவில்லை

எங்கள் சொந்தத்தில் யாராவது விருந்தாளிக்கு முகம் சுளித்தால், "கெங்கம்மா வாரிசு" என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரிகிறது. கெங்கம்மாள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் ஊர் கோவில்பதாகையிலேயே கட்டிக்கொடுத்து, முப்பது வயதில் தாலி இழந்தவள். பிள்ளை இல்லை. ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம்தான் அவளுக்குப் புருஷன், பிள்ளை எல்லாம். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். நடந்ததை நான் பார்த்தேன். கேலி பேசுகிறவர்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சித்திரை மாதம் அது. அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன் கோதண்டம், ராயபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கூடவே பெண்டாட்டி பூங்காவனம், கை கால் விழுந்துபோன தாய் அன்னம்மாள்.

"பத்து நாளு அண்ணி. அப்பால பூடுவோம்" என்றான்.

"இன்னாத்துக்கு நாள் கணக்கு? உள்ள வா" என்றாள் கெங்கம்மாள்.

பத்து நாள் இரண்டு மாதமானது. அன்னம்மாளைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, துணி அலசிப் போட்டது மருமகள் இல்லை, கெங்கம்மாள். கோதண்டம் புளியமரத்தடியில் சீட்டாடினான். மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்து வரச் சொன்னாள். "நான் இன்னா மாடு மேய்க்கவா வந்துகீறேன்?" என்றான். அதற்கும் சிரித்துவிட்டு அவளே அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அவள் சொன்னது ஒரே ஒரு சொல். "அடுப்பு ஒங்களுது, அரிசி ஒங்களுது. உள்ளறையில கீற மூணு பானைய மட்டும் தொடாதீங்க. ஆடில வெதைக்கணும்."

வேப்பிலை போட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி வைத்த விதைநெல். பர்மா அரிசி நின்றுபோன வருஷம். ஊரில் யாரிடமும் மிச்ச விதை கிடையாது. அது போனால் அவளுக்கு ஒரு வருஷச் சோறு போனது.

ஆனி கடைசியில் வெள்ளவேடு கிராமத்தில் ஒரு சாவு. நானும் அவளும் போய் இரண்டு இரவு தங்கினோம். மூன்று பேருக்கு மூன்று நாளைக்கு அரிசி வைத்துவிட்டுத்தான் வந்தாள். அவள் படி தாண்டியதும் பூங்காவனம் தன் அண்ணன் குடும்பத்தையே வரவழைத்துவிட்டாள். ஏழு பேர். அரிசி ஒரே நாளில் தீர்ந்தது.

நாங்கள் திரும்பியபோது முற்றத்துப் பாயில் அவித்த நெல்லில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பானைகள் வாய் உடைந்து கிடந்தன.

கெங்கம்மாள் ஒரு நெல்லை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். வெந்த நெல் முளைக்காது.

"ஒனக்கு ஒத்தாசையாத்தான் அவிச்சேன்கா" என்றாள் பூங்காவனம். அவள் பட்டணத்திலேயே பிறந்தவள், தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். கோதண்டம் இந்த ஊர் சேற்றில் நின்று வளர்ந்தவன். அவனுக்குமா தெரியாது?

உள்ளேயிருந்து அன்னம்மாள் குழறினாள். "வெதைடா, வேணாண்டான்னு கத்தினேன்மா. கெழவி ஒளர்றான்னுட்டான்."

"நெல்லுதானே அண்ணி, தங்கமா? அடுத்த வருசம் வெளையாதா?" என்றான் கோதண்டம்.

கெங்கம்மாள் கத்தவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். "இத்த காய வெச்சி நீங்களே குத்துங்க. அரிசிய எடுத்துக்கினு வெள்ளிக்கெழம கெளம்புங்க. ஒங்க வயித்துக்குன்னு அவிச்சது, எனக்கு வேணாம்" என்றாள்.

"குண்டு உளுற நேரத்துல தொரத்துறியா? எங்கம்மா இந்தக் கோலத்துல கீறாங்க!"

"அவங்க இங்கியே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். கையும் காலும் நல்லா கீறவங்க போங்க."

போனார்கள். அந்த அரிசியை ஒரு படிகூட விடாமல் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வரைக்கும் சேதி போயிற்று, கெங்கம்மா எங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாள் என்று.

மிச்சமிருந்த ஒரு பானையை அரைக் காணிக்கு விதைத்தாள். பாக்கி நிலம் வெடித்துக் கிடந்தது. விளைந்த கொஞ்சத்தில் அன்னம்மாளுக்குக் குழைய வடித்துக் கொடுத்துவிட்டு இவள் கேழ்வரகுக் கூழ் குடித்தாள். ஒன்றரை வருஷம். இரண்டு முறை ஆள் அனுப்பியும் கோதண்டம் எட்டிப் பார்க்கவில்லை.

அன்னம்மாள் செத்தபோதுதான் வந்தான். கொள்ளி வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த முற்றத்தில் சத்தமாகக் கேட்டான்: "பெத்த புள்ளைய தொரத்திட்டு எங்கம்மாவ வெச்சிக்கினியே அண்ணி, இது இன்னா நாயம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கெங்கம்மாள் சாவுத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அவங்க ஒரு வாய் தண்ணின்னாலும் கேட்டுட்டு குடிச்சாங்க."

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். நானும் அங்கேதான் நின்றேன். பெரியவர்கள் இருக்கிற இடம், நாத்தனார் பாடு, நமக்கென்ன என்று, பார்த்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.