தலை எண்ணும் கைடக்கா

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது... அம்மா, குனியாம உக்காருங்க, உங்க தலையும் கணக்குல வரணும்ல!" ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே சுற்றுலாப் பேருந்தின் கடைசி வரை போவாள் கைடக்கா. திரும்பி வரும்போது இன்னொரு முறை. பூந்தோட்டமோ கழிப்பறையோ, எங்கே நிறுத்தினாலும் இரண்டு முறை எண்ணாமல் வண்டி நகராது. "நாங்க என்ன ஸ்கூல் பிள்ளைங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். "ஸ்கூல் பிள்ளைங்கன்னா கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க சார். நீங்கதான் செல்பி எடுக்கப் போயிடுவீங்க!" பேருந்தே சிரித்தது.

இலையுதிர் காலம் முழுக்க அவளுக்கு இதே தடம்தான். மூன்று தோட்டங்கள், நான்கு காட்சிமுனைகள், மலை முழுக்கச் சிவந்த இலைகள். "மலையே தீப்பிடிச்ச மாதிரி இருக்கா? ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டுடாதீங்க" என்ற ஜோக்குக்கு ஒன்பது வயதாகிறது. காட்சிமுனையில் எல்லாரும் பள்ளத்தைப் பார்க்க, அவள் மட்டும் கம்பிவேலிக்கு முதுகைக் காட்டி நின்று ஆட்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான்கு வருடத்துக்கு முன் தம்பியைக் கூட்டி வந்தாள். வேலை போய், ஆறு மாதமாக அறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தவன். "வாடா, நாலு பூவப் பாத்தா மனசு லேசாகும்" என்று வற்புறுத்திக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். நாலாவது காட்சிமுனையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் அடித்துப்பிடித்து ஏறினார்கள். அவசர அவசரமாக எண்ணினாள். தம்பியோடு சேர்த்து முப்பத்தொன்று வரவேண்டும், வந்தது. கைடு தன்னை எண்ணக் கூடாது. பாவி, அன்றைக்கு என்று பார்த்துத் தன்னிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து, அடுத்த தோட்டத்தில்தான் அவன் இல்லாதது தெரிந்தது. மூன்று நாள் பள்ளத்தில் தேடினார்கள். ஆளும் இல்லை, உடலும் இல்லை.

வேறு தடம் தருகிறேன் என்றார் முதலாளி. மாட்டேன் என்றாள். ஒவ்வொரு பயணம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பாள், "அங்க இறங்கினியா? பாத்தியா?"

"பாத்தேம்மா."

நம்பிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. அது எப்போதோ செத்துவிட்டது. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் பருவத்தின் கடைசிப் பயணம். நாலாவது காட்சிமுனையில் மண் சரிகிறதாம். மறுநாள் முதல் அந்தப் பாதையையே அடைக்கிறார்கள், இனித் திறக்கப் போவதில்லை. எல்லாரும் ஏறியாயிற்று. இரண்டு முறை எண்ணியும் ஆயிற்று.

"கரெக்டா இருக்கா அக்கா? எடுக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

அவள் இறங்கி வேலி வரை நடந்தாள். பின்தங்கும் பயணிகளை எந்த இடத்திலும் கூப்பிடுகிற அதே குரலில், கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்.

"டேய் தம்பி! பஸ் கிளம்பப் போகுதுடா! வாடா!"

பள்ளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்தார். பேருந்துக்குத் திரும்பி வந்தவள் உடனே ஏறவில்லை. இன்னும் ஓர் ஆள் ஏறுகிற அளவுக்கு வழிவிட்டு, படிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.