காது இரைகிறதா என்று கேட்டவர்

வியாழக்கிழமை காலை, நெடுங்காலம் என்னிடம் மருந்து வாங்கிய காசிம் காக்கா கிண்ணியாத் துறை கடந்து அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை.

“மிஸி மௌத்தாகிட்டா ஐயா. நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் தாதியரை எல்லாம் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் வெறுமனே மிஸி என்றால் அது செபமாலை மிஸி ஒருவர்தான். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், சிலர் அவர் கையில் பிறந்தவர்கள். அவருடைய கறுப்புக் குடையையும் கடுகடுப்பையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை என்பதால் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உலக யுத்தக் காலத்தில் நாங்கள் இருவரும் துறைமுகத்தை அண்டிய ஒரு சிறிய அரசாங்க மருந்துச்சாலையில் வேலை செய்தோம். அவர் தாதி, நான் மருந்து கலப்பவன். குடா நிறையப் போர்க்கப்பல்கள் நின்றன. குண்டு விழுந்தபோது காட்டுப் பக்கம் ஓடிய சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, வரும்போது மலேரியாக் காய்ச்சலையும் கொண்டு வந்தது. அதற்கு எங்களிடம் இருந்த ஒரே மருந்து கொயினா. அதற்கான மரப்பட்டை விளைகிற தீவுகளோ ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டன. வந்து சேர்ந்த கொஞ்சநஞ்சமும் முதலில் படைகளுக்குத்தான். சனம் மட்டும் வழமைபோல, கழுவிய வெறும் போத்தல்களோடு விடியற்காலையே வரிசையில் வந்து நின்றது.

பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார். “சனத்தை வெறுங்கையோட அனுப்ப ஏலாது. கலகம் வரும். கசப்பா ஏதாவது குடும்,” என்றார். கசந்தால் அது கொயினாதான் என்று சனம் நம்பியிருந்தது. நான் நிலவேம்பை அவித்து, நிறம் சரிபார்த்து, போத்தல் போத்தலாக ஊற்றினேன். வேளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று காட்டும் கடதாசித் துண்டையும் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். மனம் உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. கசப்பு நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், மடையன். உண்மையான கொயினா கொஞ்சம் என் அலுமாரியில் பூட்டியே இருந்தது. அது உத்தியோகத்தர் வீடுகளுக்கு என்று ஒதுக்கியது.

மிஸிக்கு ஒரு பழக்கம். கொயினா குடிப்பவர்களின் காது இரையும். ஆகையால் திரும்பி வருகிற ஒவ்வொரு காய்ச்சல்காரரிடமும், நாடி பிடிக்கும்போதே, “காது இரையுதா?” என்று கேட்பார். தம்பலகாமத்திலிருந்து தங்கம்மா என்ற பிள்ளைத்தாய்ச்சி மூன்றாம் முறையாக வந்திருந்தாள். ஏழு மாதம். மாட்டு வண்டியிலிருந்து புருசன் தூக்கித்தான் இறக்கினான். மிஸி கேட்டதும் அவள் சிரிக்கப் பார்த்தாள்.

“இல்லை மிஸி. இந்தமுறை ஒரு இரைச்சலும் இல்லை. நல்ல சுகமான மருந்து.”

மிஸி அவள் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தார். என் கண் முன்னே ஒரு வேளை மருந்தை ஊற்றிக் குடித்தார். “இது நிலவேம்பு,” என்றார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம்.

“நீர் உம்மட வேலையைப் பாரும்,” என்றேன்.

“அதைத்தான் பாக்கிறன். இல்லையெண்டு சொன்னா அதுகள் வேற எங்கயும் போய்த் தேடும். இருக்கெண்டு சொன்னதாலதான் வீட்டில கிடந்து சாகுதுகள்.”

“சொன்னா எங்களைக் கல்லால எறிவாங்கள்.”

“எறியட்டும். மருந்து இல்லையெண்டு சொல்ல வெக்கப்படுறவர் இந்த வேலைக்கு வந்திருக்கக் கூடாது.”

அன்றே அலுமாரியைத் திறக்க வைத்தார். அளந்து பார்த்தோம். ஏழெட்டுப் பேரை முழுதாகக் குணப்படுத்தப் போதும். வெளியே எண்பது பேருக்கு மேல் நின்றார்கள்.

மிஸி வாசலில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். நான் கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். “நாங்கள் உங்களுக்குத் தந்தது கொயினா இல்லை, நிலவேம்புத் தண்ணி. பிழை எங்களில. உள்ள மருந்து ஏழெட்டுப் பேருக்குத்தான் காணும். ஆருக்குக் குடுக்கிறதெண்டு உங்களைக் கேக்காமல் குடுக்க மாட்டன்,” என்றார். டொக்டர் பெயரைச் சொல்லவில்லை. என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு ஒரு போத்தல் படியில் விழுந்து உடைந்தது. ஒருவர் எங்கள் தாய் தகப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இளந்தாரி ஒருவன், பல் கிடுகிடுக்க, முன்னால் வந்தான்.

“மூண்டு கிழமையாக் குடிச்சனான் மிஸி. மூண்டு கிழமை,” என்றான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் திரும்பி, வண்டி நிழலில் சுருண்டு கிடந்த தங்கம்மாவைப் பார்த்தான். “முதல்ல அந்தப் புள்ளைக்குக் குடுங்க. நான் நிக்கிறன்.”

அவன்தான் காசிம். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக விலகி, பிள்ளைகளை முன்னே விட்டார்கள். எல்லோரும் அல்ல. திட்டிக்கொண்டே போனவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

விலகி நின்றவர்களின் பெயர்களை மிஸி என் கடதாசித் துண்டுகளிலேயே எழுதிக்கொண்டார். அவற்றோடு கடற்படை ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள், குடையை விரித்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைக்கார டொக்டர் வெளியே வந்தார். “உங்கட கப்பலுக்குத்தான் இவங்கள் மூட்டை தூக்குறாங்கள். இவங்கள் படுத்தால் உங்கட சாமானும் கரையில கிடக்கும்,” என்று மிஸி தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னாராம். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு டின் நிறைய மஞ்சள் குளிசை இருந்தது, கொயினாவுக்குப் பதிலாகப் படைகள் விழுங்குகிற மாத்திரை.

காசிமுக்கு அதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: “இதுக்குக் காது இரையாது. ஆனா தோல் மஞ்சளாகும். ஆகாட்டி என்னட்ட வந்து சண்டை பிடி.” இரண்டு கிழமையில் காசிம் மஞ்சள் பூசிய மாப்பிள்ளை மாதிரித் துறைமுகத்தில் திரிந்தான். பிறகு கொயினாவும் வந்தது. தங்கம்மாவுக்குப் பிள்ளை பிறந்ததும் மிஸியின் கையில்தான். அன்று அந்தக் கடுகடுப்பு மிஸி அழுததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வியாழன் பின்னேரம் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தோம். மிஸியின் கையில் பிறந்த தங்கம்மாவின் மகள், தன் பேரப்பிள்ளைகளோடு வந்து ஒரு பிடி மண் போட்டாள். எல்லோரும் கலைந்த பிறகு, என்னால் தாங்க ஏலாமல், காசிம் காக்காவிடம் சொன்னேன். அந்த நிலவேம்பை அவித்தது நான், மிஸி இல்லை, அன்று கதவுக்குப் பின்னால் நின்றதும் நான்தான் என்றேன்.

“தெரியும் ஐயா,” என்றார். “மிஸியா மருந்து கலக்கிறவ?”

“தெரிஞ்சும் ஏன் இவ்வளவு காலம் என்னட்டயே வந்தனீங்கள்?”

அவர் தன் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

மிஸியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, காது இரையுதா என்ற அந்த ஒரு கேள்வி. ஓய்வு பெறும்வரை, யாருக்கு எந்த மருந்து கொடுத்தாலும், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லியே கொடுத்தேன், திரும்பி வந்தால் கேட்டேன். அதைக் காசிம் காக்கா என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

“அதுக்குப் பொறகு நீங்க தந்த மருந்துக்குக் காது இரைஞ்சுது ஐயா. அதான் வந்தனான்.”