சித்தி நீட்டிய கை

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. அம்மாவின் தங்கையான என் சித்தி, நல்ல வரன் அமைய வேண்டும் என்று பங்குனியில் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே சித்தி கொண்டுவரும் காபி தளும்பித் தரையில் சிந்தும். பழகிய வாசலில் நுழையும்போதே நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். "மாப்ள வாரதுக்கு முந்தியே இம்புட்டு மயக்கமாடி?" என்று அம்மா கேலி செய்வாள். சித்தியும் சேர்ந்து சிரிப்பாள்.

பால்குடத்தன்று வைகைக் கரையிலிருந்து கிளம்பினோம். சித்திக்கு மஞ்சள் சேலை, தலையில் வேப்பிலை செருகிய பித்தளைக் குடம். நான் பக்கத்திலேயே நடந்தேன். சிம்மக்கல் தாண்டி மேளம் வேகமெடுத்தபோது சித்தியின் நடை கோணிற்று. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. உடம்பு சாய்ந்து, குடத்துப் பால் முகத்தில் வழிந்தது.

"ஆத்தா வந்துட்டாடி! குலவை போடுங்க!"

முதலில் கத்தியது அம்மாதான். பெண்கள் குலவையிட்டபடி விலகி வழிவிட்டார்கள். அருள் வந்தவர்களைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"யாரு தாயி வந்திருக்கிறது?" என்று கேட்டார் பூசாரி.

"நான்தாண்ணே... கால் நிக்க மாட்டேங்குது. பிடிங்கண்ணே." சித்தியின் நாக்குக் குழறியது. சாமி பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

"மாப்ள எந்தத் திசையிலிருந்து வருவான், சொல்லு தாயி!" என்று அம்மா கண்ணீரோடு கும்பிட்டாள்.

சித்தி என்னைப் பார்த்தாள். என் பக்கம் கையை நீட்டினாள். மறுநொடி குடம் தார் ரோட்டில் மோதிய சத்தம். கீழே கிடந்தாள் சித்தி. பாலோடு ரத்தம் ஓடியது. குலவை பாதியில் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மூக்கைத் தொடு என்றார். சித்தியின் விரல் நடுங்கி நடுங்கிக் காதுப் பக்கம் போயிற்று. சிறுமூளையில் கோளாறு, கைகால்கள் சொன்னபடி கேட்காது, பழைய நடை இனித் திரும்பாது என்றார். அம்மாவுக்கு அழக்கூட வரவில்லை. பூக்கூடையை மடியில் வைத்தபடி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்றும் பங்குனி தவறாமல் நான் பால்குடம் எடுக்கிறேன். ஆத்தாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் தெருதான் கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது. சித்தி கையை நீட்டியபோது, ஆத்தா எனக்குத் திருநீறு பூச வருகிறாள் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டி நின்றேன்.