கிஸ்லேன் ஓடாமல் ஜெயித்த கதை

பிரெஞ்சு மொழியில் பிளாத்தோ என்றால் பரிமாறுகிற தட்டு. நாடக மேடைக்கும் அதே பெயர்தான், மலைமேல் விரிந்த சமவெளிக்கும் அதே பெயர்தான். லிமோஜ் நகரத்துக் காபிக்கடைப் பணிப்பெண் கிஸ்லேனுக்கு மேடை, மலை எல்லாமே அந்த வட்டத் தட்டு ஒன்றுதான். இளம் வயதில் இடது கையில் ஏந்தியது. தலை நரைத்தும் இறக்கவில்லை.

அதைப் பிடுங்கத்தான் பார்த்தான் திபோ. பழைய முதலாளியின் மகன். கடை இப்போதுதான் அவன் கைக்கு வந்திருந்தது.

"முட்டி தேஞ்சு போச்சுல்ல? வாசல் மேஜையெல்லாம் இனிமே சின்னவங்க பாத்துக்கட்டும். நீங்க உள்ள பாத்திரம் கழுவுங்க."

"நின்னுக்கிட்டுதானே கழுவணும் முதலாளி? அதுக்கு முட்டி வேணாமா?"

கடையே சிரித்தது. திபோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாய் மட்டும் தேயல! ஞாயித்துக்கிழமை பந்தயத்துல முதல்ல வாங்க பாப்போம். வாசல் உங்களுக்கே. இல்லேன்னா சத்தம் போடாம உள்ள போயிடணும்."

பந்தயம் காபிக்கடைப் பணியாளர்களுக்கானது. தட்டில் ஒரு காபி, ஒரு குரோசான் ரொட்டி, ஒரு தம்ளர் தண்ணீர். தட்டை ஒரு கையால்தான் ஏந்த வேண்டும். ஓடக் கூடாது, நடக்கலாம். எதுவும் சிந்தினாலோ குறைந்தாலோ போச்சு.

இளவட்டங்கள் ஆரம்பத்திலேயே முந்திக்கொண்டார்கள். கிஸ்லேன் அசரவில்லை. கருங்கல் பாவிய இறக்கத்தில் அவசரக்காரர்களின் தண்ணீர் அவரவர் சட்டையிலேயே கொட்டியது. கீழே வந்தபோது அவளுக்கு முன்னால் ஒரே ஒருவன்தான் மிச்சம்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. வழியோரக் கடை மேஜையில் ஒரு காலிக் கோப்பை இருந்தது. வெறுங்கையோடு மேஜையைத் தாண்டாதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். பாழாய்ப்போன வலது கை தானாக நீண்டு கோப்பையைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டது!

"அடிப்பாவி, இது பந்தயம்!" என்று யாரோ கத்த, தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. முன்னால் போனவன் என்ன சிரிப்பு என்று திரும்பினான். அவன் தம்ளர் சாய்ந்தது. கிஸ்லேன் திரும்பவில்லை. நேரே நடந்து முடிவுக் கோட்டைத் தாண்டினாள்.

நடுவர் தட்டை உற்றுப் பார்த்தார். "ஒரு கோப்பை அதிகமா இருக்கே?"

"குறையக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

நடுவர் சிரித்துக்கொண்டே அவள் கையை உயர்த்தினார். தெரு அதிர்ந்தது. இத்தனை காலமும் "இங்க ஒரு காபி" என்று மட்டுமே கூப்பிட்ட ஜனங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

திபோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ஒத்துக்கறேன். வாசல் உங்களுக்குத்தான்."

கிஸ்லேன் அந்த எச்சில் கோப்பையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதைக் கழுவி அந்தக் கடையில குடுத்துட்டு வாங்க முதலாளி. எனக்கு வாசல்ல ஆளு காத்துக்கிட்டிருக்கு."