மதுரைக்கு அனுப்பிய ரிப்போர்ட்டுகள்

கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனை சிறியது. எக்ஸ்ரே எடுக்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்தப் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஸ்கேன் படங்களையும் லேப் ரிப்போர்ட்டுகளையும் மதுரையில் இருக்கும் டாக்டர்களுக்கு அனுப்பவென்றே ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். நோயாளி பஸ் பிடித்து மலையிறங்கிப் போக வேண்டிய வேலையை அது பத்து நிமிஷத்தில் முடித்துவிடும். எனக்கு அதன்மேல் ஒரு பிரியமே உண்டு.

போன வருஷம் சீசன் நேரத்தில் அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மென்பொருளில் ஓட்டை இருக்கிறதாம். பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் உள்ளே நுழைந்துவிடலாமாம். உடனே புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

போடத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, வளைவில் கவிழ்ந்த வேனிலிருந்து டிரைவரைத் தூக்கி வந்தார்கள். தலையில் அடி. புதிய பதிப்பைப் போட ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் எதையும் அனுப்ப முடியாது. அதை விட்டுவிட்டு ஸ்கேனை அனுப்பினேன். மதுரையில் பார்த்துச் சொன்னார்கள், ஆம்புலன்ஸ் கிளம்பியது, அந்த மனிதர் பிழைத்தார். மெயிலை நான் மறந்தே போனேன்.

நான்காம் நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் பட்டியலில் எங்களில் யாரும் உருவாக்காத ஒரு பெயர். மூன்று வாரத்து ரிப்போர்ட்டுகளை யாரோ மொத்தமாக நகலெடுத்திருந்தார்கள். இணைய ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எங்கள் தலைமை டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"மெயில் எப்ப வந்துச்சு?"

"நாலு நாளாச்சும்மா. மறந்துட்டேன்."

அவர் சொன்னார்: "போலீஸ்ல புகார் குடுத்துருவோம். ஆனா யார் யாரோட ரிப்போர்ட் போச்சோ அவங்ககிட்ட நாமதான் சொல்லணும். வேற ஆள் மூலமா தெரியக் கூடாது."

இரண்டு நாள் போன் செய்துகொண்டே இருந்தேன். ஒரு பெரியவர் சிரித்தார். "என் முட்டி எலும்பப் பாத்து அவன் என்னத்தக் கிழிக்கப்போறான்?" ஒரு டீச்சர், "உங்கள நம்பித்தானே குடுத்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் பிறகு எங்கள் மருத்துவமனைப் பக்கம் வரவேயில்லை.

ஒரு எண்ணுக்கு மட்டும் லைன் கிடைக்கவேயில்லை. பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியில் விவசாயம் செய்யும் ஒரு தம்பதி. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. இருவருக்கும் பரிசோதனை செய்ததில் குறை கணவரிடம் என்று வந்திருந்தது. முடிவு வந்த அன்றைக்கு அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது நினைவில் இருந்தது. "அக்கா, பேப்பர எங்க கையில குடுக்காதீங்க. எங்கத்தை யார்ட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லும். கம்ப்யூட்டர்லயே பத்திரமாக் கெடக்கட்டும்."

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்தேன். வழி முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஓடையில் மாமியாரும் மருமகளும் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். கணவர் லோடு ஏற்றிவிட்டு வரப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேல் பாத்திக்கு ஏறி வந்தாள்.

"அவரோட ரிப்போர்ட்டும்மா. அவர் வந்ததும் சொல்றேனே," என்றேன்.

"எனக்குத் தெரியாதது அதுல என்னக்கா இருக்கு? சொல்லுங்க."

சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பாத்தவன் இந்தப் பக்கத்து ஆளா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. எந்த நாட்டுல உக்காந்திருக்கானோ."

"மலடிங்கிற பேரு எனக்குப் பழகிப்போச்சு. அவரால தாங்க முடியாதுக்கா. அதுக்குத்தான் அத்தைகிட்ட மறைச்சேன்."

பழியை அவள் தன்மேல் போட்டுக்கொண்டது அதுவரை எனக்குத் தெரியாது. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் கணவர் வந்தார். அவரிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னோடது. வெரசாப் பண்ணியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

அவர் விரலிடுக்கில் காய்ந்திருந்த மண்ணை உரித்துக்கொண்டே நின்றார். "அதுல எம்பேரு போட்டிருக்குங்களா?"

"போட்டிருக்குங்க."

"மொகந்தெரியாத எவனுக்கோ தெரியுது. எங்கம்மாவுக்குத் தெரியல," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மனைவி, "வேணாங்க, விடுங்க" என்று கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்.

அங்கே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. கேரட் கழுவிக்கொண்டிருந்த கைகள் நின்றது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக மருமகளிடம் வந்து நின்றார்.

"ஆறு வருசமா என்னென்னமோ பேசிப்புட்டேனேடி. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அவரப் பேசுவீங்கத்தே."

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மருமகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த இடத்தில் நான் இருக்கவே கூடாது என்று தோன்றியது. சாப்பிட்டுப் போகச் சொன்னார் கணவர். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

திருடிய ரிப்போர்ட்டுகள் எங்கே போயின என்று இதுவரை தெரியவில்லை. யாரும் எங்களை மிரட்டவும் இல்லை. புகார் அப்படியே கிடக்கிறது. என் மறதியால் ஒரு வீட்டுக்கு நல்லது நடந்தது என்று டாக்டரம்மா ஒருமுறை சொன்னபோது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அவர்கள் முடிவு செய்திருக்க வேண்டியது.

கவுஞ்சித் தம்பதி இப்போது மதுரையில் சிகிச்சை எடுக்கிறார்கள். குழந்தை இன்னும் இல்லை. போன மாதம் எங்கள் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வந்தபோது மாமியாரும் கூட வந்திருந்தார். மகனையும் மருமகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "இந்த வைத்தியத்துல எம்மவனுக்கு வலிக்குமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.