கனடா பார்க்கும் குளம்

சுன்னாகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் குளத்தை ஊரில் இருப்பவர்கள் அதிகம் பார்ப்பதில்லை. அந்த வேலையைக் கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருப்பவர்கள் செய்கிறார்கள். குளத்தைத் தூர்வாரி, சுற்றிவர நடைபாதை போட்டு, விளக்கு நட்டு, உட்கார வாங்குகள் வைத்து, கடைசியாக ஒரு கம்பத்தில் கமராவும் பூட்டியது அவர்கள் அனுப்பிய பணம். அங்கே கைப்பேசியைத் திறந்தால் இங்கே குளம் தெரியும். மீனும் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். திலாப்பியாக் குஞ்சுகள் விடப்பட்டன. கோயிலடிக் குளம், ஆகவே பிடிக்கக்கூடாது, பார்க்க மட்டும்.

மாரி முடிந்து வெயில் ஏறியதும் தண்ணீர் பச்சையானது. ஊரின் வட்ஸ்அப் குழுவில் பெருமகிழ்ச்சி. ‘எங்கடை ஊர் பச்சைப்பசேலெண்டு கிடக்கு’ என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாக இதயங்கள் விழுந்தன. நான் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். பாசி அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்த நிறம் இது, மீனுக்கு ஆகாது என்று எழுதினேன். அதற்கும் ஓர் இதயம் விழுந்தது.

அடுத்து நடந்ததைக் கமராவில் யாரும் கவனிக்கவில்லை. வெளிச்சம் போகாததால் அடியில் வளர்ந்த செடிகள் அழுகின. நத்தைகள் சுவரில் ஏறி மேலே வந்தன. தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாமல் கொக்குகள் சலித்துப்போய், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றன. பிறகு ஒரு காலையில் மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. அது மட்டும் கமராவில் நன்றாகத் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் லண்டனிலிருந்து ஒரு வீடியோத் துண்டு வந்தது. முதல்நாள் மாலை ஒருவர் வாளியோடு நின்று குளத்துக்குள் எதையோ வீசுகிறார். அவர் மீனுக்குத் தீனி போடச் சம்பளத்துக்கு வைத்த ஆள். கடலோரத்துக் குருநகர்க்காரர், எங்கள் தெரு ஒழுங்கையில் பெண் எடுத்தவர். தீனி போடுபவர் தீனி போடுவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் குழு, நஞ்சு என்று தீர்ப்பெழுதிவிட்டது.

குளத்துப் பராமரிப்புச் சபைக்குத் தலைவர் என் பெரியப்பா. அன்று மாலையே கூட்டம் வைத்து என்னையும் கூப்பிட்டார்.

“பிள்ளை, நஞ்செண்டு ஒரு அறிக்கை எழுதித் தா. பொலிசிலை குடுக்கவேணும்.”

“மீன் மூச்சு முட்டிச் செத்திருக்கு, பெரியப்பா.”

செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எந்தச் சபையிலும் வகுப்பெடுப்பார். “மீன் தண்ணிக்குள்ளை மூச்சு முட்டினதோ? அப்ப நாங்கள் காத்துக்குள்ளை மூழ்கிப் போவமோ?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் விளக்கினேன். வெயிலிருக்கும்வரை பாசி ஒட்சிசனை விடும். இருட்டியதும் அதுவும் மீனைப்போல எடுக்கத் தொடங்கும். செத்த பாசியை அழுகவைக்கும் கிருமிகள் அதைவிடக் கூட எடுக்கும். விடியும்போது மீனுக்கு மிச்சமிராது. பாசியைக் கொழுக்கவைப்பது எது என்றும் சொன்னேன்: வாய்க்காலால் வடிந்து வரும் வெங்காயத் தோட்டத்து உரம், அன்னதானப் பாத்திரம் கழுவும் தண்ணீர், மீன் தின்னாமல் விட்ட புண்ணாக்கு.

“புண்ணாக்குக்குள்ளை உவன் என்ன கலந்தவனோ ஆருக்குத் தெரியும்?” என்றார் செயலாளர். “கரையோர ஆக்களுக்கு மீன் உயிரோடை திரிஞ்சாக் கை சும்மா இராது.”

“ரெண்டு மடங்கு போடச் சொன்னது நீங்கள்தானே, மாஸ்டர். மீன் படத்திலை பெரிசாத் தெரியவேணுமெண்டு,” என்றேன்.

அந்த ‘உவன்’, தீனி போடுபவர், வாசலில்தான் நின்றார். உள்ளே வரச்சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பொலிசில் பெயர் எழுதப்பட்டால் அதன்பிறகு இந்த ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். “தங்கச்சி,” என்றார், என்னை மட்டும் பார்த்து, “நான் உவையளின்ரை மீனிலை ஒண்டைத்தன்னும் வீட்டை கொண்டு போகேல்லை.”

பொலிஸ் முறைப்பாட்டை ஒருநாள் தள்ளிவைக்கக் கேட்டேன். மறுநாள் விடியும்போது ஒட்சிசன் மானியோடு கமராவுக்கு முன்னால் நின்றேன். இங்கே விடிவது கனடாவில் இரவுச் சாப்பாட்டு நேரம் என்பதால் நல்ல கூட்டம். தப்பிய மீன்கள், கூட்டத்துக்கு வந்த அங்கத்தவர்கள் போல, எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மானி பூச்சியத்துக்குச் சற்று மேலே நின்றது. கமராவுக்குத் தூக்கிக் காட்டினேன். ‘ஒட்சிசன் சிலிண்டர் அனுப்பட்டோ?’ என்று ஒருவர் எழுதினார். மத்தியானம் அதே இடத்தில் மானி மேலே ஏறியிருந்தது, மீன்கள் சுகமாக ஓடித்திரிந்தன.

“நஞ்செண்டால் மத்தியானம் லீவு எடுக்காது, பெரியப்பா.”

பொலிசுக்குப் போவது நின்றது. நான் எழுதிக்கொடுத்த அறிக்கையை வாசித்த பெரியப்பா வாய்க்கால் பற்றிய வரிகளில் விரலை வைத்தார். “இதை எடுத்துவிடு. உன்ரை அப்பாவின்ரை தோட்டத்துத் தண்ணியும் உதாலைதான் போகுது.”

“ஓம், அதையும் சேர்த்துத்தான் எழுதினனான்.”

அறிக்கை நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாய்க்காலை மறிப்பது வெங்காயத்தைக் கிண்டி எடுத்தபிறகு பரிசீலிக்கப்படும். பாத்திரம் கழுவும் தண்ணீர் கோயில் விஷயம், அதில் அவசரப்படக்கூடாது. தீனியை நிறுத்தவேண்டும் என்ற பரிந்துரையை மட்டும் அன்று மாலையே நிறைவேற்றினார்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஒரு சம்பளம் மிச்சம்.

அடுத்தநாள் தீனி போட்டவர் எங்கள் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தினார்.

“நான் நஞ்சு போடேல்லையெண்டு இப்ப எல்லாருக்கும் தெரியுந்தானே, தங்கச்சி?”

“ஓம் அண்ணை. குழுவிலையும் போட்டாச்சு.” வீடியோ அனுப்பிய லண்டன்காரர் கூப்பிய கைகளின் படமொன்றைப் போட்டிருந்தார். காட்டினேன்.

“உது மன்னிப்போ, வணக்கமோ?”

“எனக்கும் விளங்கேல்லை.”

“மீனுக்குத் திரும்ப எப்ப தீனி?”

“தண்ணி தெளிஞ்சாப் பிறகு. வாய்க்காலை மறிக்காமல் தெளியாது.”

“எப்ப மறிப்பினம்?”

“யோசிக்கினம்.”

“அவையள் பொய் சொன்ன நேரம் வேலை இருந்தது,” என்றார். “நீங்கள் உண்மையைச் சொன்னியள், வேலை போயிட்டுது. உங்களைக் குறை சொல்லேல்லை.” சைக்கிளைத் திருப்பினார். “மச்சான்ரை வள்ளத்திலை மீன் பிடிக்க ஆள் தேவையாம். நான் குருநகருக்குப் போறன்.”